டவருக்குப் பயந்த மாமியும் தலகணிக்குக் கீழே போனும்

கேள்வி: டொக்டர், நாங்கள் திருகோணமலைப் பாலையூற்றில் இருக்கிறோம். இவர் கட்டாரில் வேலை. ஒவ்வொரு இரவும் ஒன்பதரைக்குப் பிறகு வட்ஸ்அப் வீடியோவில் ஒரு மணித்தியாலமாவது கதைப்போம். கொஞ்ச நாளாகக் கதைத்து முடிய எனக்குத் தலையிடிக்கிறது. போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூளையில் கட்டி என்று கொழும்புக்குக் கொண்டு போனார்கள். அன்றிலிருந்து என் மாமி, "எல்லாம் இந்தப் போனாலயும் பின்வளவில நிக்கிற டவராலயும்தான்" என்று ஒரே சண்டை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு நாள் முழுக்க இதே கதை. போனால் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதாக வந்த வீடியோவை வீட்டுக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் காட்டுகிறார். (அதுவும் போனில்தான்.) மூத்தவன் தரம் 9. போனைத் தலகணிக்குக் கீழே வைத்துத்தான் படுப்பான். என் தம்பி அவனை ரியூசனுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவான். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக் கதைத்துக்கொண்டு ஓடுவான், மூளை வெந்துவிடும் என்று மாமி ஏசுவார். கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் ஒன்று 1,500 ரூபாய்க்கு விற்கிறார்கள், வாங்கி ஒட்டவா? சின்னவளுக்கு இரண்டரை வயது. போன் காட்டினால்தான் வாய் திறப்பாள், சோறு தீத்த வேறு வழியில்லை. அவளுக்கு இன்னும் பேச்சும் அவ்வளவாக வரவில்லை. இதனால் அவளுக்கும் ஏதும் வருமா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கட்டி, டவர், ஸ்டிக்கர் எல்லாம் கண்ணில் பட்டன. இரண்டாம் தரம்தான் கடைசிக்கு முந்திய வரியில் கண் நின்றது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மாமியின் வழக்கைத் தீர்ப்போம். அது தீராமல் நான் சொல்லும் வேறு எதுவும் உங்கள் வீட்டில் எடுபடாது.

போனால் மூளையில் கட்டி வருமா? இன்றுவரை சேர்ந்திருக்கும் சான்றுகளை வைத்துச் சொன்னால், வருவதாகத் தெரியவில்லை. ஒரு வரியில் சொன்னால் மாமி விடமாட்டார் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

"கதிர்வீச்சு" என்ற சொல்லே பாதிப் பயத்தைக் கொண்டு வந்துவிடுகிறது. அடுப்புத் தணலின் வெக்கையும் கதிர்வீச்சுத்தான். வெயிலும், வானொலி அலையும், எக்ஸ்ரேயும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான், குணம்தான் வேறு வேறு. எக்ஸ்ரே, காமாக் கதிர் போன்றவை அணுவிலிருந்து இலத்திரனைக் கழற்றி எறியும் வலு உள்ளவை. மரபணுவை உடைத்துப் புற்றுநோய்க்கு வழி திறப்பது அந்த வலுதான். போன் பாவிப்பது பெரும்பாலும் 700 முதல் 3,500 மெகாஹேர்ட்ஸ் வரையான வானொலி அலை. அலை சுமந்து வரும் சக்தியைத் துகளுக்குத் துகள் கணக்குப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சத்தை விட அது ஒரு இலட்சம் மடங்குக்கு மேல் வலுக் குறைந்தது. எவ்வளவு நேரம் பட்டாலும் அதற்கு இலத்திரனைக் கழற்றத் தெரியாது. உடம்பைக் கொஞ்சம் சூடாக்கத் தெரியும், அவ்வளவுதான். அந்தச் சூட்டுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். தலையில் படக்கூடிய அளவு ஐரோப்பாவில் ஒரு கிலோகிராம் உடம்புக்கு 2 வாட், அமெரிக்காவில் 1.6 வாட். நீண்ட நேரம் கதைத்தால் காது சுடுவது பற்றரி சுடுவதாலும், காதைக் காற்றுப் படாமல் மூடி வைத்திருப்பதாலும்தான். வெறும் சோப்புப் பெட்டியை அரை மணித்தியாலம் காதோடு அழுத்திப் பிடித்தாலும் காது சிவக்கும்.

இந்த ஊருக்கு வானொலி அலை புதிதும் இல்லை. மாமியின் வயதுக்காரருக்கு நினைவிருக்கும், ஜேர்மன் வானொலிக்காரர் திருகோணமலையில் மறு ஒலிபரப்பு நிலையம் வைத்துப் பல வருடம் சிற்றலையில் ஒலிபரப்பினார்கள். அங்கிருந்த ஒலிபரப்பிகள் 250 கிலோவாட் அளவானவை. உங்கள் பின்வளவு டவரில் உள்ள ஒரு அன்டெனாவின் வலு சில பத்து வாட். உங்கள் கையில் இருக்கும் போன் உச்சத்தில் ஒரு கால் வாட் அளவு.

இனி அந்த வீடியோ. அதில் சொல்வது முழுப் பொய் இல்லை. முழுப் பொய் என்றால் இவ்வளவு தூரம் ஓடியிருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பிரான்ஸின் லியோன் நகரில் இருக்கிறது. 2011 மே மாதம் 14 நாடுகளைச் சேர்ந்த 31 விஞ்ஞானிகள் அங்கே கூடி, வானொலி அலைகளை "புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியதாக இருக்கலாம்" என்ற 2பி பிரிவில் வைத்தார்கள். ஒரு சில ஆய்வுகளில் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது, தவறு நேர்ந்திருக்கவும் வாய்ப்பு இருக்கிறது, அதனால் கோப்பை மூட முடியாது என்பதே அதன் பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. கோப்பியும் 2016 வரைக்கும் அங்கேதான் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். வீடியோ செய்தவர் இந்தப் பக்கத்தை வெட்டிவிட்டார்.

அந்த முகவரகத்தின் பட்டியலில் முதலாம் பிரிவு என்று ஒன்று உண்டு. அங்கே "இருக்கலாம்" கிடையாது, "உறுதி". புகையிலை, மதுபானம், எக்ஸ்ரே, வெயில் எல்லாம் அதில் அடக்கம். புகையிலை சேர்த்த வெற்றிலையை 1980களிலேயே அங்கே வைத்துவிட்டார்கள். புகையிலை போடாவிட்டாலும் பாக்கும், பாக்குச் சேர்த்த வெற்றிலையும் உறுதியாகப் புற்றுநோய் தரும் என்று 2004இல் வெளியான தொகுதியில் சேர்த்தார்கள். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய், வெற்றிலை போடும் பெண்களையும் அது விடுவதில்லை. டவரைச் சுட்டுகிற விரலிலேயே சுண்ணாம்பு இருக்கிறது, தங்கச்சி. மாமியைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. என் அம்மாவும் உரலில் இடித்துப் போட்டவர்தான்.

அந்த 2011 மே கூட்டத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்பது முக்கியம். டென்மார்க்கில் 3,58,000க்கு மேற்பட்ட போன் சந்தாதாரரைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், கூடுதல் இல்லை. பிரித்தானியாவில் ஏழு இலட்சத்து எழுபதாயிரத்துக்கும் அதிகமான பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2022இல் வெளியிட்டார்கள், அங்கும் இல்லை. 14 நாடுகளில் 10 முதல் 24 வயது வரையான இளையவர்களை மட்டும் எடுத்து ஒரு ஆய்வு செய்தார்கள், அதிலும் போனைக் குற்றவாளியாக்க முடியவில்லை. 2024இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதற்காக 63 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். பத்து வருடத்துக்கு மேல் பாவித்தவர்களிடமும், அதிகம் கதைத்தவர்களிடமும் மூளைப் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். 13 நாடுகளில் நடந்து 2010இல் வெளியான ஆய்வொன்றில், வாழ்நாளில் 1,640 மணித்தியாலத்துக்கு மேல் போனில் கதைத்ததாகச் சொன்னவர்களிடம் ஒரு வகை மூளைக் கட்டி 40 வீதம் கூடுதலாக இருந்தது. தினம் ஒரு மணித்தியாலம் கதைக்கிற நீங்கள் நாலரை வருடத்தில் அந்தக் கணக்கைத் தொட்டுவிடுவீர்கள், பயப்பிடாமல் மேலே வாசியுங்கள். கட்டி வந்த ஆளிடம் போய் "பத்து வருடத்துக்கு முன் எவ்வளவு கதைத்தீர்கள்" என்று கேட்டால், காரணம் தேடித் தவிக்கும் மனம் கூட்டித்தான் சொல்லும். ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம் கதைத்தேன் என்றவர்களும் அதில் இருந்தார்கள். கொஞ்சமாகக் கதைத்தவர்களுக்கோ, கதைக்காதவர்களை விடவும் கட்டி குறைவாக இருந்ததாக அதே ஆய்வு காட்டியது. அதை வைத்துப் போன் கட்டியைத் தடுக்கும் என்று யாராவது சொல்வார்களா? அமெரிக்காவில் எலிகளுக்கு இரண்டு வருடம், நாளொன்றுக்கு 9 மணித்தியாலம், உடம்பு முழுவதும் அலை பாய்ச்சிப் பார்த்தார்கள். 2018இல் வந்த முடிவில் ஆண் எலிகளின் இதயத்தில் கட்டி கூடியிருந்தது. அலை பட்ட அந்த ஆண் எலிகள்தான் படாத எலிகளை விட அதிக நாள் உயிரோடு இருந்தன என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. விஞ்ஞானம் வீடியோ மாதிரி மூன்று நிமிடத்தில் முடியாது.

இன்னொன்று, நீங்கள் கதைப்பது வீடியோவில். போன் முகத்துக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது. அந்தப் பழைய ஆய்வு பேசியது காதோடு ஒட்டிப் பிடித்தவர்களைப் பற்றி. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலு நாலில் ஒன்றாகிவிடும். கணவரோடு நிம்மதியாகக் கதையுங்கள். கட்டாரில் ஒரு அறையில் இருக்கிற மனிதருக்கு அந்த ஒரு மணித்தியாலம் எதற்குச் சமம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்தது பெரிய துன்பம். மூளைக் கட்டிக்கு எங்களுக்குத் திடமாகத் தெரிந்த காரணங்கள் இரண்டு மூன்றுதான். சின்ன வயதில் தலைக்குக் கொடுத்த பலமான கதிர்ச் சிகிச்சை ஒன்று, சில அரிதான பரம்பரை வருத்தங்கள் இன்னொன்று. பெரும்பாலானோருக்கு ஏன் வந்தது என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. காரணம் சொல்ல முடியாத இடத்தில் ஊர் ஒரு காரணத்தை நட்டுவிடும். அந்த அக்கா வீட்டுக்காரரிடம் மட்டும் இந்தப் போன் கதையைச் சொல்ல விடாதீர்கள். போன் வாங்கிக் கொடுத்த மகன் அதை ஆயுள் முழுக்கச் சுமப்பான்.

டவருக்கு வருகிறேன். வெளிச்சவீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் தூரக் கடலில் போகிற கப்பலுக்கு, அடியில் நிற்பவனுக்கு இருட்டு. டவர் அன்டெனாவும் அலையைக் கிட்டத்தட்டக் கிடையாக, தூரத்துக்குத்தான் வீசுகிறது. நேர் கீழே விழுவது மிகக் கொஞ்சம். அதோடு ஆட்கள் நினைப்பதற்கு நேர்மாறான ஒரு சங்கதியும் இருக்கிறது. போன் ஒரு புத்திசாலிக் கருவி. டவர் கிட்ட இருந்தால் மெதுவாகக் கதைக்கும், எட்ட இருந்தால் கத்தும். கிட்ட டவர் இல்லாத இடத்தில் ஒரு கோடு சிக்னலில் கதைக்கிறவரின் போன் முழு வலுவோடு கத்திக்கொண்டிருக்கும். பின்வளவில் டவர் உள்ள உங்கள் வீட்டில் போன் குசுகுசுக்கும். தலைக்குப் படும் அலையில் பெரும் பங்கு டவரிலிருந்து வருவதில்லை, கையில் உள்ள போனிலிருந்துதான். ஆகவே டவரை அகற்றினால் உங்கள் தலையில் படுவது கூடும்.

அதற்காக டவர்க்காரர் எதுவும் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. ஜெனரேட்டர் இரைச்சல், டீசல் புகை, இடிதாங்கி ஒழுங்காக நிலத்தில் இறக்கப்பட்டதா, உள்ளூராட்சி சபை அனுமதி இருக்கிறதா, இவையெல்லாம் நியாயமான கேள்விகள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதி அலை அளவை அளந்து தரும்படி கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. சண்டைக்கு முன் ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்.

ஸ்டிக்கர் வாங்க வேண்டாம். அது வேலை செய்யாவிட்டால் காசு நட்டம். உண்மையில் அலையை மறித்தால் இன்னும் மோசம், சிக்னல் குறைந்தது என்று நினைத்துப் போன் வலுவைக் கூட்டும். இப்படியான மறைப்புகளைப் பற்றி அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவே இதைச் சொல்லிப் பாவனையாளரை எச்சரித்திருக்கிறது. 1,500 ரூபாய்க்கு ஒரு ஹெட்செட் வாங்கலாம். தலையில் படும் அலையைக் குறைக்க அதுதான் மலிவான வழி.

உங்கள் தலையிடியைப் பார்ப்போம். அலையால் தலையிடிக்கிறது என்று சொல்பவர்களை அறையில் இருத்தி, போன் அலை வருகிறதா இல்லையா என்று சொல்லாமலே பல நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். தலையிடி உண்மையாகவே வந்தது, ஆனால் அலை இல்லாதபோதும் வந்தது. இரவு ஒன்பதரை, பகல் முழுக்க வேலை, அறையில் விளக்கு அணைத்திருக்கும், சின்னவள் மடியில், கழுத்தைக் குனிந்து ஒரு மணித்தியாலம். இதில் தலையிடிக்காவிட்டால்தான் அதிசயம். போனைக் கையில் பிடிக்காமல் மேசையில் ஒரு போத்தலில் சாய்த்துக் கண் மட்டத்தில் வையுங்கள். விளக்கைப் போடுங்கள். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறையும், அதனால் கண் வரண்டு உறுத்தும். 20 நிமிடத்துக்கு ஒரு தரம் 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்ப்பது நல்லது. வயது நாற்பதைக் கிட்டினால் ஒருமுறை கண்ணைப் பரிசோதியுங்கள், கண்ணாடி தேவைப்படுகிற கண்ணும் இப்படித்தான் தொடங்கும். இரத்த அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். இரண்டு கிழமையில் குறையாவிட்டால் வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. விடிய எழும்பும்போதே தலையிடியும் வாந்தியும், நாளுக்கு நாள் கூடுதல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் வலுவிழத்தல், பார்வை இரண்டாகத் தெரிதல், பேச்சுக் குழறல், திடீரென்று வாழ்க்கையில் காணாத தலையிடி. இதில் ஒன்று வந்தாலும் போனைத் திட்டிக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தம்பியின் விடயத்தில் மாமி பயந்தது சரி, பயந்த காரணம்தான் பிழை. வண்டி ஓடும்போது போன் பாவிப்பவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கையில் பிடிக்காமல் ஹெட்செட்டில் கதைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, கவனம் போவது கையில் இருந்து அல்ல, மனதில் இருந்து. ஹெல்மெட்டுக்குள் செருகினால் இன்னும் இரண்டு கேடு. ஒரு காது அடைபட்டு ஹோர்ன் கேட்காது, விழுந்தால் அந்தத் தட்டுப் போன் கன்ன எலும்புக்கும் ஹெல்மெட்டுக்கும் இடையில் இருக்கும். நம் ஊர்த் தெருவைச் சொல்லவா வேண்டும்? மாடு ஒரு பக்கம், கோட்டைப் பக்கம் போனால் மான் ஒரு பக்கம், ஒழுங்கையிலிருந்து திரும்பிப் பாராமல் வெளிக்கிடும் சைக்கிள் இன்னொரு பக்கம். இந்தத் தொழிலில் இத்தனை வருடத்தில் போன் அலையால் மூளை கெட்டவர் என்று ஒருவரை நான் பார்த்ததில்லை. போனில் கதைத்துக்கொண்டு வந்து மோதியவர்களின் தலையைத் தைத்திருக்கிறேன், சிலருக்குத் தைக்கும் வேலையும் மிஞ்சவில்லை. உங்கள் வீட்டில் போனால் உயிருக்கு ஆபத்து எங்கே என்று கேட்டால், ரியூசனுக்குப் போகும் அந்த மோட்டார் சைக்கிளில் என்றுதான் சொல்வேன். தம்பியிடம் கடுமையாகச் சொல்லுங்கள். அழைப்பு வந்தால் ஓரங்கட்டி நிறுத்திக் கதைக்கட்டும்.

மூத்தவனின் தலகணிக்குக் கீழே உள்ள போன் அவனுடைய மூளையை வேக வைக்காது, நித்திரையைத் தின்னும். 13 முதல் 18 வயதுக்கு 8 தொடக்கம் 10 மணித்தியால நித்திரை வேண்டும். தலைக்குக் கீழே ஒவ்வொரு செய்திக்கும் அதிர்கிற ஒன்றை வைத்துக்கொண்டு அது நடக்காது. காலையில் எழும்ப மாட்டான், பள்ளியில் தூங்குவான், நீங்கள் சோம்பேறி என்று ஏசுவீர்கள். சார்ஜில் போட்டபடி தலகணிக்குக் கீழே வைப்பது வேறு ஆபத்து. சூடு வெளியேற வழியில்லாமல் பற்றரி வீங்கித் தீப்பிடிக்கலாம். இரவில் எல்லாருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, கணவரோடு கதைத்து முடிந்த பிறகு குசினி மேசையில் கிடக்கட்டும். அலாரத்துக்குப் பழைய மணிக்கூடு ஒன்று வாங்கிக் கொடுங்கள். அவனை மட்டும் தடுத்தால் அது தண்டனை, வீடு முழுக்கச் செய்தால் வழக்கம்.

பின்னேரத்தில் அவனை வெளியே விரட்டுங்கள், கண்ணுக்கு நல்லது. சீனாவின் குவாங்சோவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினம் 40 நிமிட வெளி நேரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் நேரத்தைக் கூட்டாத பள்ளிகளில் 39.5 வீதம், கூட்டிய பள்ளிகளில் 30.4 வீதம். நமக்கு அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, டச்சுக்குடாக் கடற்கரையில் பந்து அடித்தாலே போதும்.

இடிமின்னலுக்குப் போன் பாவிக்கக் கூடாது என்று மாமி சொல்வார், எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். கையில் தனியாக இருக்கும் போன் மின்னலை இழுக்காது. ஆனால் சார்ஜர் வயரோடு சுவரில் மாட்டியிருக்கும் போனைக் காதில் வைப்பது உண்மையிலேயே ஆபத்து, மின்னல் கம்பி வழியாக வரும். ஐப்பசி கார்த்திகை இடிக்கு வயரைக் கழற்றிவிட்டுக் கதையுங்கள். இதில் மாமிக்கு அரைப் புள்ளி.

இனி நான் தள்ளி வைத்த வரி.

"இன்னும் பேச்சும் அவ்வளவாக வரவில்லை" என்று சோற்றுக் கதைக்குள் சேர்த்து எழுதியிருந்தீர்கள். இரண்டரை வயது. இரண்டு வயது நிறையும்போதே ஒரு பிள்ளை "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கத் தொடங்க வேண்டும். உங்கள் சின்னவள் எத்தனை சொல் சொல்கிறாள்? பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? போனில் பாட்டுப் போனால் கிட்டப் போய்க் காதை வைக்கிறாளா? ஒன்றைக் காட்டுவதற்கு விரல் நீட்டுகிறாளா, உங்கள் கண்ணைப் பார்க்கிறாளா?

இதற்கும் போன் அலைக்கும் தொடர்பில்லை. போனுக்கும் பேச்சுக்கும் தொடர்பு இருக்கலாம், அது வேறு வழியால். பேச்சு என்பது காதால் மட்டும் வருவதில்லை. பிள்ளை ஒரு சத்தம் போட, தாய் அதைத் திருப்பிச் சொல்ல, பிள்ளை சிரிக்க, அப்படி ஆயிரம் தரம் பந்து போய்ப் போய் வந்துதான் சொல் பிறக்கிறது. திரை பந்தைத் திருப்பி எறியாது, அது பாட்டுக்கு ஓடும். சோறு தீத்துகிற அரை மணித்தியாலம் ஒரு நாளில் மூன்று தரம் வருகிறது. நிலாவைக் காட்டி, காகத்தைக் காட்டி, "இந்தா ஒரு வாய்" என்று நம் தாய்மார் கதைத்துத் தள்ளிய நேரம் அது. அந்த நேரம் முழுக்க உங்கள் வீட்டில் போன் கதைக்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. தகப்பனோடு வீடியோவில் கதைப்பதை நான் இதில் சேர்க்கமாட்டேன், அங்கே பந்து திரும்பி வருகிறது. அப்பா அவள் பேரைச் சொல்லட்டும், அவள் பொம்மையைத் தூக்கிக் காட்டட்டும்.

ஆனால் போனை நிறுத்தினால் பேச்சு வந்துவிடும் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். பேச்சுப் பிந்திய பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. அடிக்கடி தடிமன் பிடித்துக் காதுக்குள் நீர் கட்டினாலே கேட்பது குறையும், வெளியே தெரியாது. காது சரியென்றால் வளர்ச்சியின் மற்றப் பக்கங்களைப் பார்க்க வேண்டும். அப்பாவும் மூன்று வயதில்தான் கதைத்தவர் என்று சொந்தக்காரர் சொல்வார்கள். சில பிள்ளைகளுக்கு அது உண்மையாகவும் இருக்கும், எந்தப் பிள்ளைக்கு என்று பரிசோதிக்காமல் சொல்ல முடியாது. இந்த வயதில் தொடங்கும் பயிற்சிக்கு இருக்கும் பலன் ஐந்து வயதில் தொடங்கினால் இராது.

உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் இந்தக் கிழமையே சொல்லுங்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், எந்த வயதில் எதைச் செய்ய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அங்கிருந்து கிளினிக் வழியாகக் காதுப் பரிசோதனைக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் அனுப்புவார்கள். அரச ஆஸ்பத்திரியில் காசு இல்லை. வரிசை இருக்கும், அதனால்தான் இன்றே பேரைப் பதியச் சொல்கிறேன்.

சோறு தீத்தும்போது முதல் நாலு நாள் ஒப்பாரி இருக்கும். பசித்தால் சாப்பிடுவாள். ஒரு நேரம் அரை வயிறாக இருந்தாலும் எந்தப் பிள்ளையும் கெட்டுப் போகாது. மூன்று நேரத்தையும் ஒன்றாக மாற்றாமல் மத்தியானச் சோற்றில் தொடங்குங்கள், நிலா இல்லாவிட்டாலும் முற்றத்தில் காகம் இருக்கும். உங்களை விட இந்த வேலையை நன்றாகச் செய்யக்கூடியவர் அந்த வீட்டில் இருக்கிறார். மாமிக்கு நாள் முழுக்கக் கதை சொல்ல ஆள் வேண்டும் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. சின்னவளை அவர் மடியில் வையுங்கள். டவரைப் பற்றியே சொல்லட்டும், பரவாயில்லை.

அவருடைய வாயையும் ஒருமுறை பார்க்க வேண்டும். கன்னத்தின் உட்பக்கத்தில் வெள்ளை அல்லது சிவப்புப் படலம், மூன்று கிழமையில் ஆறாத புண், உறைப்புச் சாப்பிட்டால் எரிவு, வாய் முன்னைப் போல அகலத் திறக்காமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். எரிவும் திறக்காத வாயும் பாக்கால் வருவது, புற்றுநோய்க்கு முந்திய படி. அந்த நிலையில் கண்டுபிடித்தால் செய்ய நிறைய இருக்கிறது. இந்தப் பதிலை வீட்டில் வாசிக்கும்போது வெற்றிலைப் பகுதியை நீங்கள் வாசிக்காதீர்கள், மருமகள் வாயில் இருந்து வந்தால் அது வேறு கதையாகிவிடும். மூத்தவனிடம் கொடுங்கள்.